மாலேயில் கேட்ட விசில்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில், "அப்பா, மாலேக்கு இலங்கை ரீமின்ர மெச் பார்க்கப் போறம். கந்தோரில வேலை செய்யிற ஆக்களும் வருகினம், எங்கட பள்ளிமுனைப் பெடியளும் வருகினம்" என்று ஒரே மூச்சில் சொன்னபோது, நான் "ஓம், போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். உதைபந்தாட்டம் என்றால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி ஓடுகிற மனுசன் ஏன் இப்படி இரண்டு சொல்லோடு நிறுத்தினார் என்று யோசித்திருப்பாய். முழங்கால் மட்டும் இடம் கொடுத்திருந்தால் நானும் உன்னோடு வருவேன். மாலே எனக்குத் தெரியாத இடம் அல்ல. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது லூயிஸ் மாமாவும் நானும் ஊர்ப் பெடியளோடு அங்கே ஒரு மெச் பார்க்கப் போனோம். விமானம் இறங்கும்போது சுற்றிவரக் கடலைக் கண்டுவிட்டு மாமா என் கையைப் பிடித்து நசுக்கிய கதையைச் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னதில்லை. அது தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. ஆறுதலாக ஒரு இடத்தில் இருந்து வாசி.

முதலில் பயணத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே இறங்கியதும் விசா தருவார்கள். ஆனால் திரும்பி வரும் ரிக்கெற்றையும் தங்குமிடம் எடுத்ததற்கான தாளையும் கேட்பார்கள். போக முன்னர் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவமும் இப்போது உண்டாம். அதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு நிரப்பாதே. கடவுச்சீட்டைத் தங்குமிடத்தில் பூட்டி வைத்துவிட்டு அதன் பிரதியைக் கையில் வைத்திரு. சாராயப் போத்தல் எதையும் யாரும் பையில் வைக்க விடாதே. அங்கே சட்டம் அப்படி. எங்களோடு வந்த ஒருவன் படகுச் சம்மாட்டி வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறவன் மாதிரி ஒரு போத்தலைச் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். பையைப் படம் பிடிக்கும் இயந்திரம் சாரத்தையா பார்க்கும்? போத்தலோடு அவனுடைய அந்தோனியார் சுரூபத்தையும் எடுத்து வைத்துவிட்டார்கள். சுரூபத்தைத் திரும்பும்போது கொடுத்தார்கள். செபமாலையைக் கழுத்தில் போடுவதென்றால் சட்டைக்குள் போடு. நாம் போவது அவர்களுடைய வீட்டுக்கு. மெச்சுக்கு ஊதும் பப்பரே வாத்தியம் கொண்டுபோகிறீர்கள் என்றால் மைதானத்தில் விடுவார்களா என்று முன்னரே கேளுங்கள். தொழுகை நேரத்தில் கடைகளைச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் அதற்கு முதலே வாங்கிவிட வேண்டும். போய் இறங்கியதும் அந்த ஊர் சிம் ஒன்று போட்டுக்கொள். நானும் மாமாவும் அதைச் செய்யவில்லை. ஆள் ஆளைத் தவறவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று மைதானத்துக்குள் நுழையும் முன்பே எல்லோருமாகப் பேசி வையுங்கள். முக்கியமாக, நம்முடைய ஜேர்சியைப் போட்டுக்கொண்டு அவர்களுடைய பக்கத்து இருக்கைகளுக்குப் போகாதே. அவர்கள் பொல்லாதவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் கோல் ஒன்று விழுந்த நேரத்தில் எந்த ஊர்ச் சனமும் ஒரே மாதிரித்தான். நாங்கள் போனோம். ஏன் போனோம் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

உன் பெரிய மாமா சவிரியானை நீ கண்டதில்லை. லூயிஸ் மாமாவுக்கும் உன் அம்மாவுக்கும் மூத்தவர். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் அவருடைய இடது தோள் வலது தோளைவிட இறங்கி நிற்பதைப் பார்த்திருப்பாய். ஒரு மெச்சில் விழுந்து உடைந்து, சரியாகப் பொருந்தாமல் போன தோள் அது. பள்ளிமுனை மைதானத்தில் முன்னுக்கு நின்று விளையாடுகிறவர். கோல் அடிப்பதைத் தவிர வேறு வேலைக்குத் தன்னை யாரும் கேட்கக் கூடாது என்ற எண்ணம் உள்ள ஆள். தோள் உடைந்த பிறகு ஓரத்தில் நின்று விசிலடிப்பது அவருடைய வேலையாயிற்று. லூயிஸ் மாமா பிறீ கிக் அடிக்கப் போனால், இரண்டு விரலை நாக்குக்குக் கீழே மடித்து ஒரு நீளமான விசில், அது மேலே ஏறி முடியும் இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல இரண்டு சின்ன விசில். ஊரில் எத்தனையோ பேர் அதைப் பழகிப் பார்த்தார்கள். லூயிஸ் மாமாவுக்கு மட்டும்தான் ஓரளவு வந்தது.

சண்டைக் காலத்தில், வாடைக்காற்று தொடங்கிய ஒரு விடியற்காலையில், சவிரியான் தனியே படகில் போனார். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடற்படையிடம் கேட்டோம், அக்கரையில் இராமேஸ்வரம் பக்கமும் சொல்லிவிட்டோம். ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. அவருடைய பெண்சாதி பிலோமினா மாமி அன்றைக்கு எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். பங்குச் சுவாமி பலமுறை வீட்டுக்கு வந்து, ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைப்போம் பிள்ளை என்று கேட்டார். "உடம்பைக் காட்டுங்கோ சுவாமி, வைப்பம்" என்பாள். நிறச் சேலைதான் உடுத்தாள். தாலியைக் கழற்றவில்லை. நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தாள். முதல் நாட்களில் கரையில் நின்று கத்தியவள், பிறகு வருகிற வழியில் கடற்கரைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். அவளுக்கு முன்னால் சவிரியானைப் பற்றி "இருந்தார்" என்று சொல்வதா "இருக்கிறார்" என்று சொல்வதா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் பேச்சையே விட்டுவிட்டோம்.

இனி மாலே. மெச் பின்னேரம் தொடங்கியது. சின்ன ஊர், நடுவே மைதானம், சுற்றிவர உயரமான கட்டடங்கள். அவற்றின் பல்கனிகளில் நின்றும் சனம் பார்த்தது. எங்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். முதல் பாதியில் எங்களுக்கு ஒரு பிறீ கிக் கிடைத்தது. எங்கள் ஆட்டக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அவ்வளவு பெரிய சனம் ஒரு கணம் சத்தம் இல்லாமல் நின்றது. அப்போது எதிர்ப்பக்கத்து இருக்கைகளில் இருந்து அந்த விசில் வந்தது. நீளமாக ஏறி, உச்சியில் வெட்டுப்பட்டு, பிறகு சின்னதாக இரண்டு. பந்து கோலுக்கு மேலால் போனது. எங்கள் பெடியள் தலையில் கை வைத்தார்கள். லூயிஸ் மாமா பந்தைப் பார்க்கவேயில்லை.

"மச்சான், கேட்டனியோ?"

கேட்டேன். ஆனாலும், "எத்தின பேர் விசிலடிக்கினம், பேசாமல் இரு" என்றேன்.

"அது அண்ணையின்ர விசில்."

"உனக்கு என்ன விசரே? மெச்சைப் பார்."

அவர் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெடியனிடம், கேட்டாயா என்றேன். என்ன அண்ணை, எந்த விசில் என்றான். பாதி முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது அது திரும்பவும் வந்தது. அந்த நேரம் பிறீ கிக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பந்து வெளியே போய், எடுத்து வரக் காத்துக்கொண்டிருந்தார்கள். லூயிஸ் மாமா எழும்பினார். நான் அவருடைய ஜேர்சியைப் பிடித்தேன். அது கிழிந்துவிடும்போல இருந்ததால் விட்டுவிட்டு, நானும் பின்னால் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்து மதிலைச் சுற்றி அவர்களுடைய வாசலுக்குப் போனோம். காவலில் நின்ற பொலிஸ்காரன் எங்கள் ஜேர்சியைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தான். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அவன் என்ன நினைத்தானோ, எங்களோடு தானும் உள்ளே வந்தான். இடைவேளை. சனம் சோடாவும் கையுமாக எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமா விசில் வந்த இடத்துக்கு நேரே ஏறிப் போனார். அங்கே குடும்பமாக இருந்தவர்களிடம் வாயில் இரண்டு விரலை வைத்துக் காட்டி, யார் என்று சைகையால் கேட்டார். அவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் விளங்கியது. தனக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த படியைத் தொட்டுக் காட்டி, இங்கேதான் இருந்தார், இப்போதுதான் எழும்பிப் போனார் என்று கையால் சொன்னாள். எப்படிப்பட்ட ஆள் என்று மாமா கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழும்பி நின்று, தன் இடது தோளை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினாள்.

நான் அதை எழுதும்போதுகூட நிறுத்தி, எழும்பி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் மகள்.

மாமா ஓடினார். பொலிஸ்காரன் கூப்பிடக் கூப்பிட நாங்கள் இருவரும் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தோம். அப்போது விசில் மூன்றாம் முறை கேட்டது. மைதானத்துக்குள் இருந்து அல்ல, வெளியே, ஒழுங்கைகளுக்குள் இருந்து. அந்த ஊரில் ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் சுவர், சுவரோடு சுவராக மோட்டார் சைக்கிள்கள். மெச்சுக்குப் போனவர்கள் போக மிச்சப் பேர் தொழுகைக்குப் போயிருக்க வேண்டும். கடைகள் சாத்தியிருந்தன. வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருக்க, அவ்வளவு மோட்டார் சைக்கிள்கள் நிற்க, ஒரு மனிதரையும் காணவில்லை. ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். நாங்கள் ஒரு முடக்கில் நின்றால் விசில் அடுத்த முடக்குக்கு அப்பால் கேட்கும். அங்கே போனால் இன்னும் தள்ளிக் கேட்கும். அது எங்களை விட்டு ஓடுவதுபோல இல்லை. நாங்கள் பின்தங்கினால் நின்று, எட்டிப் பிடிக்கப் போனால் நகர்ந்தது. "லூயிஸ், திரும்புவம், பாதை தெரியாமல் போகப்போகுது" என்றேன். "நீ போ, நான் வாறன்" என்றார். தனியே திரும்பிப் போக எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

கடைசியில் கடல் தெரிந்தது. படகுகள் கட்டியிருந்த துறை. அதற்கு முன்னால் ஒரு தேநீர்க்கடை. தொழுகை முடிந்து அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். விசில் அந்தக் கடை வாசலோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவேயில்லை. உள்ளே முதிய மீனவர்கள் மூன்று நான்கு பேர் தட்டில் பலகாரத்தோடு இருந்தார்கள். யாருடைய தோளும் இறங்கியிருக்கவில்லை. மாமா நடுக்கடையில் நின்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு விரலை வாயில் வைத்துத் தானே அந்த விசிலை அடித்தார்.

மூலையில் இருந்த ஒரு கிழவரின் கையில் இருந்த கோப்பை சரிந்து தேநீர் மேசையில் ஓடியது. அவர் எழும்பி வந்து மாமாவின் முகத்துக்கு நேரே நின்று, தமிழில் கேட்டார்.

"இந்த விசிலு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் முன்னர் தூத்துக்குடிக்குப் போய்வரும் சரக்குத் தோணியில் வேலை செய்தவராம். அந்தக் கரைத் தமிழ் அவருக்கு நன்றாக வந்தது. என் அண்ணன் என்று மாமா சொன்னார். கிழவர் எங்களை இருத்தினார். தேநீர் சொன்னார். பிறகு, நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருடைய தீவு மாலேயில் இருந்து வடக்கே தூரத்தில் இருக்கிறது. அந்தத் தீவின் மீன்பிடித் தோணி ஒன்று, இயந்திரம் நின்றுபோன சின்னப் படகு ஒன்றைக் கடலில் கண்டது. அதில் ஒரு ஆள். உதடெல்லாம் வெடித்து, பேச்சில்லாமல் கிடந்தாராம். கரைக்குக் கொண்டுபோய், இளநீரும் கஞ்சியும் கொடுத்துத் தேற்றினார்கள். கிழவர் அப்போது தோணி வேலையில் லீவில் வந்து நின்றவர். தமிழ் தெரிந்ததால் அவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் தன் பெயர் சவிரியான் என்றும், ஊர் மன்னார் என்றும் சொன்னார்.

"தீவு ஆபீஸ்ல எழுதிக்கிட்டாங்க. மாலேக்கும் சொன்னாங்க. அங்க சண்டை நடக்குது, பதிலு வரலைன்னாங்க. அடுத்த கப்பல்ல அனுப்புறோம்னு சொல்லியே நாளு போச்சு. அவரு சும்மா இருக்கமாட்டாரு. சாயங்காலம் பசங்களோட கடற்கரையில பந்து விளையாடுவாரு. விளையாட முடியாத நாளு நின்னுக்கிட்டு இந்த விசிலு. எங்க எல்லாருக்கும் ஆசை. ஒருத்தனுக்கும் வரல."

"பிறகு?" என்று நான்தான் கேட்டேன்.

"காய்ச்சலு. கப்பல் வர்றதுக்கு முந்தியே போயிட்டாரு."

எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று மாமா கேட்டார். பள்ளிவாசல் மையவாடியில் வேறு சமயத்தவரை அடக்க வழியில்லை, தென்னந்தோப்புக்கு அப்பால் கரையோரத்தில் மரியாதையாகச் செய்தோம், தலைமாட்டில் கல்லும் வைத்தோம் என்றார். நாளைக்கே போவோம், எந்தப் படகில் போகலாம் என்று மாமா எழும்பினார். கிழவர் அவருடைய கையைப் பிடித்தார்.

"அந்தக் கரை இப்ப இல்ல தம்பி. பெரிய அலை வந்தப்ப பாதி போச்சு. மிச்சத்தை அப்புறம் கடல் தின்னுச்சு."

இரண்டு பேரும் அழவில்லை. வெளியே கயிற்றில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "ஐயா, மைதானத்தில விசிலடிச்சது நீங்களோ?" கிழவர் என்னை விளங்காமல் பார்த்தார். தான் மெச் பார்க்கவே போகவில்லை, தொழுதுவிட்டு நேரே இங்கே வந்ததாகச் சொன்னார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் ஒன்றும் இல்லை. வேறு யாருக்காவது அந்த விசில் வருமா என்று கேட்டேன். அவர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் எங்களை மைதானத்துக்குத் திருப்பிக் கூட்டிப்போனார். தனியே என்றால் அந்த ஒழுங்கைகளில் நாங்கள் வழி கண்டுபிடித்திருக்கமாட்டோம். மெச் முடிந்து, நாங்கள் ஒரு கோலால் தோற்று, சனம் கலைந்துகொண்டிருந்தது. எங்கள் பெடியள் வாசலில் முகம் வெளிறி நின்றார்கள். பொலிஸில் சொல்லலாமா, வீட்டுக்கு எடுத்துச் சொல்லலாமா என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள். அந்தக் கோலை நான் இன்றுவரை காணவில்லை.

ஆகவே மகள், உன்னை நான் போகாதே என்று சொல்லமாட்டேன். போ. சத்தம் போட்டுப் பார். வென்றாலும் தோற்றாலும் அவர்களுடைய ஆட்களுக்குக் கை கொடுத்துவிட்டு வா. ஆனால் பிற ஊரில், ஆயிரம் சத்தத்துக்குள், உனக்கு மட்டும் தெரிந்த ஒரு சத்தம் உன்னைக் கூப்பிட்டால், எழும்ப முன்னர் பக்கத்தில் இருக்கிறவரின் தோளில் தட்டி, இன்ன இடத்துக்குப் போகிறேன் என்று சொல். எழும்பாமல் இரு என்று எழுதத்தான் நினைத்தேன். மாமா எழும்பாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்தபோது அப்படி எழுதக் கை வரவில்லை.

ஊருக்கு வந்து, பயணப்பையைக்கூட இறக்காமல், மாமாவும் நானும் உன் அம்மாவும் பிலோமினா மாமி வீட்டுக்குப் போனோம். அவள் வேலையால் வந்து, நண்டு மணம் போகக் கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் மூவரையும் ஒன்றாகக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள், தான் இருக்கவில்லை. மாமா படகில் இருந்து தொடங்கிக் கரை வரைக்கும் எல்லாம் சொன்னார். விசிலை மட்டும் சொல்லவில்லை. தேநீர்க்கடையில் தற்செயலாகக் கதைத்தோம் என்று சொன்னார். அது அவரும் நானும் வழியில் பேசி முடிவெடுத்தது. இறந்துவிட்டார் என்று அவளிடம் சொல்லப் போகிற அதே வாயால், வேறு மாதிரி ஒரு நம்பிக்கையையும் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நீயும் அவளிடம் சொல்லாதே.

அவள் அசையாமல் கேட்டாள். பந்து விளையாடினார் என்ற இடத்தில்தான் முகம் மாறியது.

"நான் இஞ்ச கரையில நிண்டு கத்தேக்க, அவர் அங்க பந்து விளையாடினவரோ?"

அந்தக் கோபம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இத்தனை வருசத்தில் அவள் அவர்மேல் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

"விளையாட எந்த இடத்தில விட்டவையாம்?" என்றாள் பிறகு.

இதை மாமா கிழவரிடம் கேட்டுத்தான் வைத்திருந்தார். "கோலுக்கை நிண்டவராம் அண்ணி. உடம்பு தேறாமல் ஓட ஏலாதபடியால் கோலுக்கை விட்டவையாம்."

மாமி கழுவிய கையைச் சேலையில் துடைத்தாள். அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"கோலுக்கையோ? அந்த மனுசனோ? செத்தாலும் நிக்கமாட்டார். அப்ப அது அவரில்லை. நீங்கள் வேற ஆரையோ கேட்டுட்டு வந்திருக்கிறியள்."

உன் அம்மா அழத் தொடங்கினாள். மாமி உள்ளே போய், உலையில் அரிசியைப் போட்டாள். அகப்பை சட்டியில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. நாங்கள் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தோம். சோறு கொதிக்கும் மணம் வந்த பிறகுதான் அவள் திரும்பி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்னத் தீவோ அது?"

"ஓம் அண்ணி. சின்னத் தீவுதான்."

"சனம் குறைவோ?"

"குறைவு எண்டுதான் சொன்னவர்."

அவள் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தாள்.

"ஆள் காணாட்டி கோலுக்கை நிண்டிருப்பார்" என்றாள். பிறகு, "சுவாமியிட்டச் சொல்லுங்கோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு" என்றாள்.

போய் வா மகள்.

அப்பா